யார் அழைத்துச் சென்ற வீடு: முதுகலைக் களஆய்வு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில், பயன்பாட்டுச் சமூக ஆய்வை முதன்மையாகக் கொண்ட முதுகலைப் படிப்பின் நான்காம் பருவத்தில், மாணவர் ஒவ்வொருவரும் தனியே களத்துக்குச் சென்று தரவு திரட்டி, ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் அதற்கு விளக்கம் அளிக்க வேண்டும். இங்கே பதிவாகும் நிகழ்வு 2024ஆம் ஆண்டின் முதல் பாதியில் நடந்தது. மாணவி, அவருடைய நெறியாளர், கல்லூரி, ஊர், ஊரில் உதவியவர்கள் என எவருடைய பெயரும் இதில் இல்லை. ஊரை அடையாளம் காட்டிவிடக்கூடிய வீட்டுக் கணக்குகளும் விலக்கப்பட்டுள்ளன. வட மாவட்டம் ஒன்றின் ஊராட்சி என்று சொன்னால் போதும். இதை எழுதுபவர் அப்படிப்பை நடத்தும் கல்லூரித் துறையின் ஆய்வுக் குழுவில் இருந்தவர். மாணவியின் களக்குறிப்பேட்டை அவருடைய இசைவுடன் படித்தவர்.

மாணவி எடுத்துக்கொண்ட பொருள் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத் தலைவிகளின் வங்கிக் கணக்கில் ஆய்வுக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். அப்போதைய விதிகள் இவை: பெண் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மேல் இருக்கக் கூடாது. வீட்டின் மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் மட்டுமே விண்ணப்பிக்கலாம். 2023-24 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்டிருந்த நாள்கூலி 294 ரூபாய் என்பதை நினைவில் வைத்தால், 1,000 ரூபாய் ஒரு கூலிக் குடும்பத்தில் என்ன இடம் பெறும் என்பது விளங்கும்.

இந்தப் பணம் வீட்டில் யார் கையில் நிற்கிறது, அதன் செலவை யார் தீர்மானிக்கிறார் என்பதே மாணவியின் ஆய்வுக் கேள்வி. கேள்வி நல்லது. பணம் யார் பெயரில் வருகிறது என்பதும் அது யார் சொற்படி செலவாகிறது என்பதும் ஒன்றல்ல என்று ஆய்வுக்குழு முதல் கூட்டத்திலேயே பாராட்டியது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உடைய பெண்களின் விகிதம் தமிழ்நாட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் என்று காட்டியிருந்தது. "தாமே பயன்படுத்தும்" என்பதற்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு சிற்றூர் போதுமானது.

களத்தில் நுழைந்த விதம்

திட்டத்தோடு தொடர்புடைய அலுவலகம் ஒன்றில் துறை அனுமதிக் கடிதம் பெற்றுத் தந்தது. அக்கடிதத்துடன் மாணவி ஊராட்சிக்குச் சென்றபோது, அங்கிருந்தவர்கள் அவரை மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் தலைவியிடம் ஒப்படைத்தனர். அத்தலைவி விண்ணப்பப் பதிவு முகாமில் தன்னார்வலராகவும் வேலை பார்த்திருந்தார். யாருக்குப் பணம் வருகிறது, யாருக்கு வரவில்லை என்பது அவருக்கு விரல்நுனியில் இருந்தது. அறுபது பேர் வேண்டும் என்று மாணவி கேட்டதும், "அதுக்கென்ன பாப்பா, நானே கூப்பிட்டு வைக்கிறேன்" என்று அவர் சொன்னதாகக் களக்குறிப்பேடு பதிவு செய்கிறது.

சொன்னபடியே செய்தார். பெண்கள் அவருடைய வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். ஒருவரிடம் கேட்டு முடிக்கும்வரை அடுத்து வர வேண்டியவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தனர். தேநீர் வந்தது. கேள்வித்தாள் கூகுள் ஃபார்மில் இருந்ததால் வேலை விரைவாக நடந்தது. முதல் வாரத்தின் முடிவில் பாதிக்கும் மேற்பட்ட நேர்காணல்கள் நிறைவடைந்தன. துறையில் மற்ற மாணவர்கள் ஊர் தேடி அலைந்துகொண்டிருந்த நேரத்தில் இது ஒரு வெற்றியாகவே பார்க்கப்பட்டது.

இந்த முறை துறைக்குப் புதிதன்று. ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், தொண்டு நிறுவனப் பணியாளர் என்று யாரேனும் ஒருவர் ஆட்களைத் திரட்டித் தர, மாணவர் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டு வருவதும், அதை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் "நோக்கக் கூறெடுப்பு" (ஆய்வின் நோக்கத்துக்கு ஏற்றவர்களைத் தேர்ந்தெடுப்பது) என்று எழுதிவிடுவதும் பல ஆண்டுகளாக நடந்துவருவதே. யாருடைய நோக்கம் என்று எவரும் கேட்பதில்லை.

முதல் சுற்றில் கண்டவை

முதல் சுற்றின் தரவை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றிப் பார்த்த நெறியாளர்தான் முதலில் ஐயப்பட்டு நின்றார். கருத்தறியும் கூற்றுகள், முழு உடன்பாடு முதல் முழு மறுப்பு வரை ஐந்து படிகள் கொண்ட லிக்கர்ட் அளவுகோலில் அமைந்திருந்தன. "இத்தொகையை எப்படிச் செலவிடுவது என்பதை நானே முடிவு செய்கிறேன்", "இத்தொகை வந்த பிறகு வீட்டில் என் மதிப்பு உயர்ந்துள்ளது" போன்ற கூற்றுகளுக்கு ஏறக்குறைய எல்லோரும் "முற்றிலும் உடன்படுகிறேன்" என்றே சொல்லியிருந்தனர். வயது, கல்வி, சாதி, குடும்ப அமைப்பு எதுவும் எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. எழுபது வயதுக் கைம்பெண்ணும், மாமியாரோடு கூட்டுக் குடும்பத்தில் வாழும் இளம்பெண்ணும் ஒரே பதிலைத் தந்திருந்தனர். வேறுபாடே இல்லாத தரவில் எந்தச் சோதனையை நடத்தியும் பயனில்லை. மாணவி இதைத் திட்டத்தின் முழு வெற்றி என்று எழுதத் தொடங்கியிருந்தார்.

நெறியாளர் அட்டவணைகளை ஒதுக்கிவிட்டுக் களக்குறிப்பேட்டைக் கேட்டார். இந்நிகழ்வில் எல்லாமே அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் திரும்பியது. ஆகவே அதில் இருந்தவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் பதிவு: நேர்காணலின் நடுவே ஒரு பெண், "இது மறு கணக்கெடுப்பா மேடம்? ஏதாவது தப்பாச் சொன்னா பேரை எடுத்துருவாங்களா?" என்று கேட்டார். மாணவி "இல்லை அக்கா, இது படிப்புக்காக" என்றார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் குழுத் தலைவியைப் பார்த்தார். தலைவி, "நல்லபடியாச் சொல்லு, ஒண்ணும் ஆகாது" என்றார்.

மூன்றாம் நாள்: அடுத்தடுத்து வந்த பலர், "யார் கையையும் எதிர்பார்க்காம இருக்கோம்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். மாணவி அதை ஆய்வேட்டின் தலைப்பாக வைக்கலாம் என்று அடிக்கோடிட்டிருந்தார்.

அதே நாள் மாலை: பணம் வந்த குறுஞ்செய்தியைக் காட்டுகிறேன் என்ற ஒரு பெண், தன்னிடம் கைபேசி இல்லை என்பதால் மகனை அழைத்தார். ஏ.டி.எம். அட்டையும் மகனின் பணப்பையில்தான் இருந்தது. "நீங்களே பணத்தை எடுக்கிறீர்களா" என்ற கேள்விக்கு அவர் சிறிது நேரத்துக்கு முன்புதான் "ஆம்" என்று சொல்லியிருந்தார்.

நான்காம் நாள்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோது மூன்று பேர் தயங்கினர். தலைவி சொன்ன பிறகே கையெழுத்திட்டனர்.

எந்த நாளின் பதிவிலும் இல்லாத ஒன்றும் இருந்தது. காலனியிலிருந்து ஒருவரும் திண்ணைக்கு வந்ததாகக் குறிப்பு இல்லை. ஏரிக்கரையில் சில இருளர் குடும்பங்கள் வாழ்வதை மாணவி பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறார். பட்டியலில் அவர்களும் இல்லை. தலைவி யாரையும் வேண்டுமென்று விலக்கவில்லை என்றே எழுதுபவர் கருதுகிறார். அவர் கூப்பிட்டால் வரக்கூடியவர்களைக் கூப்பிட்டார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரக்கூடியவர்கள் வந்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி பொருத்தமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு சிற்றூர்களை ஆராயத் தொடங்கினார். விழுப்புரம் பகுதியின் இருவேல்பட்டு உள்ளிட்ட அந்த ஊர்களில் சில, பிறகு 1930களிலும் 1960களிலும் 1980களிலும் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டன. மாணவர்களைக் களத்துக்கு அனுப்பும் வழக்கத்துக்கு இம்மாநிலத்தில் நூறாண்டுக்கும் மேற்பட்ட மரபு உண்டு. அந்த முதல் மாணவர்கள் பெரும்பாலும் தாம் அறிந்த ஊர்களுக்கே போனதால் நுழைவது அவர்களுக்குச் சிக்கலாக இருந்திருக்காது. எந்தத் தெருவிலிருந்து நுழைந்தார்கள் என்ற கேள்வி மட்டும் அப்போதும் இருந்திருக்கும்.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

பிப்ரவரித் தொடக்கத்தில் ஆய்வுக்குழு கூடியது. மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. முதலாவது, கிடைத்த தரவை அப்படியே வைத்துக்கொண்டு, "ஆய்வின் வரம்புகள்" என்ற பகுதியில் ஒரு பத்தி எழுதிவிடுவது. இரண்டாவது, வேறு ஊருக்குப் போவது. மூன்றாவது, அதே ஊரில் இருந்துகொண்டே முதல் சுற்றுப் பதில்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிய பட்டியலோடு மீண்டும் தொடங்குவது.

முதல் வழிக்குக் குழுவில் ஆதரவு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பருவம் குறுகியது, மாணவிக்குக் கூடுதல் பேருந்துச் செலவு, மதிப்பெண் பற்றிய கவலை என்று நியாயமான காரணங்கள் கூறப்பட்டன. ஆனால் வரம்பு என்பது ஆய்வு எட்டாத தூரத்தைச் சொல்வதற்கானது. எட்டிய இடத்திலேயே பதில்கள் அச்சத்தால் வந்திருந்தால், அதை வரம்பு என்று எழுதுவது பொருந்தாது என்று நெறியாளர் வாதிட்டார், குழு ஏற்றது. இரண்டாவது வழி எளிதாகத் தோன்றினாலும், இன்னோர் ஊரிலும் அதே கடிதம், அதே வகை இடைநிலையாளர், அதே திண்ணை என்றுதான் முடியும். மேலும், பெயர் நீக்கப்படுமோ என்ற பயத்தை இந்த ஊரில் கிளப்பிவிட்டு விளக்கம் சொல்லாமல் வெளியேறுவது முறையன்று என்ற கருத்தும் எழுந்தது. எனவே மூன்றாம் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

அடுத்து வந்தது எண்ணிக்கை பற்றிய சர்ச்சை. மீண்டும் தொடங்கினால் அறுபது பேரை எட்ட முடியாது, நாற்பதே கடினம். "அறுபது துறை வழக்கம், முப்பதுக்குக் கீழே போகவே கூடாது" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். முப்பது என்பது, கூறுகளின் சராசரிகள் இயல்நிலைப் பரவலை (மணி வடிவப் பரவலை) எப்போது நெருங்கும் என்பது பற்றிய பாடநூல் தோராயம். அது சமவாய்ப்பில், அதாவது குலுக்கல் போல, எடுத்த கூறுகளுக்கான பேச்சு. திண்ணைக்கு வரவழைத்த முப்பது பேருக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதுகலை ஆய்வேடுகளில் இந்த எண் ஒரு சடங்காகிவிட்டது என்பது எழுதுபவரின் கருத்து. கடைசியில், எண்ணிக்கையைக் களம் அனுமதிக்கும் அளவுக்கு விட்டுவிடுவது என்றும், ஒவ்வொரு நேர்காணலும் எப்படிக் கிடைத்தது என்பதைப் பதிவது கட்டாயம் என்றும் முடிவானது.

கேள்வித்தாள் பெரும்பாலும் மாற்றி எழுதப்பட்டது. கருத்துக் கூற்றுகள் நீக்கப்பட்டு, நடந்து முடிந்த ஒரே ஒரு நிகழ்வைப் பற்றிய கேள்விகள் வந்தன. கடைசியாகப் பணம் வந்தது எப்படித் தெரிந்தது? எடுத்து வந்தவர் யார்? ஏ.டி.எம்.மிலா, வங்கியிலா, கைரேகை வைத்துப் பணம் தருபவரிடமா? கைக்கு வந்தது எவ்வளவு? முதலில் எதற்குப் போனது? செலவழிக்கும் முன் யாரிடமாவது சொன்னீர்களா, சொல்லாமல் செலவழித்தது உண்டா? "யார் முடிவு செய்கிறார்" என்ற கேள்வி ஒருவருடைய மானத்தைத் தொடுகிறது. "போன மாதம் யார் போய் எடுத்தார்" என்பது அவ்வளவாகத் தொடுவதில்லை. கைக்கு வந்த தொகையைத் தனியே கேட்டதற்கும் காரணம் உண்டு. திட்டம் தொடங்கிய மாதத்திலேயே சில வங்கிகள் இத்தொகையிலிருந்து கட்டணங்களையும் பழைய கடன் பாக்கியையும் பிடித்துக்கொண்டதாகப் புகார் எழுந்து, அப்படிச் செய்யக் கூடாது என்று மாநில அரசு வங்கிகளுக்கு வலியுறுத்தியிருந்தது.

தனிமை குறித்தும் விதி வகுக்கப்பட்டது. தேசிய குடும்பநல ஆய்வில், குடும்ப வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், அதுவும் பிறர் காதில் விழாத தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்க வேண்டும் என்பது நடைமுறை. பணம் பற்றிய கேள்விக்கு அவ்வளவு கடுமை சாத்தியமில்லை. ஒற்றை அறை வீடுகளில் யாரையும் வெளியே போகச் சொல்ல முடியாது. ஆகவே, கேட்கும் தொலைவில் யார் இருந்தார் என்பதை ஒவ்வொரு படிவத்திலும் குறிப்பதற்கு ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. கையெழுத்துக்குப் பதில் வாய்மொழி ஒப்புதல் போதும் என்று குழு அனுமதித்தது. மாணவி சொல்ல வேண்டியதும் பேச்சுத் தமிழில் எழுதித் தரப்பட்டது: "நான் கவர்மென்ட் ஆள் இல்லைம்மா. காலேஜ்ல படிக்கிறேன். நீங்க என்ன சொன்னாலும் இதனால பேரு சேரவும் சேராது, போகவும் போகாது. பதில் சொல்லப் பிடிக்கலைன்னா விட்டுடலாம்."

ஒதுக்கிய பதில்களை அழிக்க வேண்டாம் என்று சொன்னதும் நெறியாளரே. பின்னால் அது பயன்பட்டது.

இரண்டாம் சுற்று

முதல் வேலையாக, குழுத் தலைவியிடம் நேரில் சொல்ல வேண்டியிருந்தது. அவரைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைவது நாகரிகமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை. மாணவியும் நெறியாளரும் சேர்ந்து போனார்கள். தலைவி வருந்தினார். "நான் கூட்டிட்டு வந்தவங்க பொய் சொல்லுவாங்கன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர் அழைத்ததால் பெண்கள் அவருக்காக நல்லதையே சொல்கிறார்கள் என்று நெறியாளர் விளக்கினார். அது உண்மையும்கூட, தலைவிக்கும் அது புரிந்தது. பிறகு அவரையே ஒரு முக்கியத் தகவலாளராக வைத்துத் தனியே நீண்ட நேர்காணல் எடுக்கப்பட்டபோது, எவரும் எதிர்பாராத ஒன்று வெளிவந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களின் பெயர், காரணம், இ-சேவை மையம் வழியே கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்த நாள் ஆகியவற்றை அவர் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தார். இத்தகைய விவரம் மாணவிக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது. பயனாளிகளைத் தேர்ந்து தருபவராக அவர் ஆய்வைச் சாய்த்தார். தகவல் தருபவராக ஆய்வுக்கு மிகப் பெரிய உதவி செய்தார். ஒரே ஆள்தான்.

பிறகு மாணவி கேள்வித்தாளே இல்லாமல் ஊரின் எல்லாத் தெருக்களையும் நடந்து வீடுகளைப் பட்டியலிட்டார். ஊர்த் தெருக்கள், காலனி, ஏரிக்கரைக் குடியிருப்பு மூன்றும் தனித்தனிப் பகுதிகளாக வைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் சமவாய்ப்பில் ஒரு வீட்டில் தொடங்கிச் சீரான இடைவெளியில் வீடுகள் எடுக்கப்பட்டன. பெயர் எழுதவில்லை, வரைபடத்தில் எண் மட்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பிற்பகலில்தான் திரும்புவார்கள் என்பதால் நேர்காணல்கள் மாலையிலும் ஞாயிறுகளிலும் நடந்தன. வேலை மெதுவாக நடந்தது. சில வீடுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதில்கள் இப்போது பல திசைகளில் பிரிந்தன. பணத்தைத் தாமே எடுத்துத் தாமே வைத்துக்கொள்பவர்களும் இருந்தார்கள். குறிப்பாகத் தனியே வாழும் முதிய பெண்கள், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்க இதை நம்பியிருந்தார்கள். நுண்கடன் நிறுவனங்களுக்கு டியூ கட்டும் பெண்களிடம் பணம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அந்தக் கடன் யாருக்காக வாங்கப்பட்டது என்று கேட்டால் கணவரின் வண்டி, மகளின் கல்லூரிக் கட்டணம் என்று பதில் நீண்டது. இரண்டு மூன்று பெண்கள் ஊரில் நடக்கும் சீட்டில் இத்தொகையைக் கட்டி வந்தார்கள். அதை வீட்டில் சொல்லவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே குடும்ப அட்டையில் இருந்த வீடுகளில் யாருக்குப் பணம் வர வேண்டும் என்பதே பேச்சுவார்த்தையாகி, தனி அட்டைக்கு விண்ணப்பித்தவர்களும் இருந்தார்கள்.

ஏரிக்கரையில் நிலைமையே வேறு. தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடியினராக வகைப்படுத்தப்பட்ட ஆறு குழுக்களுள் இருளரும் ஒன்று. அங்கே பல குடும்பங்களிடம் குடும்ப அட்டையே இல்லை. விண்ணப்பம் ரேஷன் கடை வழியாக, குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டு தரப்பட்டதால், அவர்கள் நிராகரிக்கப்பட்டவர்கள் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. பயனாளிகள் பட்டியலிலிருந்து தொடங்கும் எந்த ஆய்வும் அவர்களைச் சந்தித்திருக்காது.

இரு சுற்றுகளிலும் தற்செயலாக இடம்பெற்ற சில பெண்கள் இருந்தனர். திண்ணையில் "நானே எடுக்கிறேன், நானே முடிவு செய்கிறேன்" என்று சொன்னவர்களில் பெரும்பாலோர், தம் வீட்டு வாசலில் வேறு விவரம் தந்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "அங்க அப்படித்தானம்மா சொல்ல முடியும்" என்றார். அழிக்காமல் வைத்திருந்த முதல் சுற்று இப்படித்தான் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாயிற்று.

மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. அதன் பின் அரசுத் திட்டம் பற்றிக் கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனால் எந்தக் கட்சியின் ஆள் என்ற கேள்விதான் வரும். அப்போது இன்னும் சில வீடுகள் மீதமிருந்தன. களப்பணியை அன்றோடு நிறுத்த நெறியாளர் முடிவெடுத்தார். நாற்பது என்ற இலக்கு எட்டப்படவில்லை.

முடிவுகளை ஊரிடம் திருப்பிச் சொன்னபோது

ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடிந்த பிறகு, கண்டறிந்தவற்றைப் பெண்களிடம் திரும்பச் சொல்ல இரண்டு சிறு கூட்டங்கள் நடந்தன. ஒன்று ஊரிலும், மற்றொன்று காலனியிலும். பொது இடத்தில் ஒன்றாகக் கூட்டினால் மறுபடியும் திண்ணையின் நிலைமைதான் என்பதால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

காலனிக் கூட்டம் ஆய்வேட்டின் ஒரு வாதத்தையே திருத்தியது. ஏ.டி.எம். அட்டை மகனிடமோ கணவரிடமோ இருப்பதைப் பெண்ணின் கட்டுப்பாடு இல்லாததற்கான அடையாளமாக மாணவி எழுதியிருந்தார். கூட்டத்தில் இருந்த நடுவயதுப் பெண் ஒருவர் மறுத்தார்: "மிஷின் டவுன்ல இருக்கு. நான் போனா அரை நாள் கூலி போயிடும், பஸ் பிடிக்கணும். பையன் வேலைக்குப் போற வழி அது. எடுத்தாந்து என் கையில குடுக்கிறான். கார்டு அவன்கிட்ட இருந்தா காசு அவனோடதுன்னு ஆயிடுமா?" மற்றவர்கள் ஆமோதித்தனர், ஒருவர் மட்டும், தன் வீட்டில் அப்படியில்லை என்று கூட்டம் முடிந்த பின் தனியே சொன்னார். இதன் பிறகு மாணவி எடுப்பது, வைத்திருப்பது, செலவழிப்பது, அதைப் பிறரிடம் சொல்வது ஆகிய நான்கையும் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிப்பதை விட்டுவிட்டு, அந்த அத்தியாயத்தை மீண்டும் எழுதினார். ஆய்வேட்டின் சிறந்த பகுதி அதுதான்.

மே மாத வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் எடுத்த எடுப்பில், இரு பண்புகளுக்கு இடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) எங்கே என்று கேட்டார். அதற்குத் தேவையான எண்ணிக்கை அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் இல்லை என்று மாணவி பதிலளித்து, இரு சுற்றுகளையும் ஒப்பிடும் பக்கத்தைக் காட்டினார். அதன் பின் பேச்சு முழுவதும் அந்தப் பக்கத்தைப் பற்றியே நடந்தது. தேர்ச்சி கிடைத்தது, மதிப்பெண் சிறப்பானது என்று சொல்வதற்கில்லை. கூறின் அளவு குறைவு என்று மதிப்பீட்டுக் குறிப்பில் எழுதப்பட்டிருந்தது.

பெயர்கள் கேட்கப்பட்டபோது

தேர்தல் முடிவுகளுக்குப் பிறகு, முதலில் அனுமதிக் கடிதம் தந்த அலுவலகத்துக்கு நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று அனுப்பப்பட்டது. அலுவலகம் அதை அக்கறையோடு படித்தது என்பதற்கு அடையாளமாக ஒரு கோரிக்கை வந்தது: தகுதியில்லாமல் பணம் பெறுவோர் பற்றி ஒரு வரி சுருக்கத்தில் உள்ளதே, அந்த வீடுகளின் விவரம் வேண்டும். குடும்ப அட்டை இல்லாத பழங்குடிக் குடும்பங்களின் பெயர்களும் வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை நன்மைக்கானது என்பதுதான் முடிவைச் சிக்கலாக்கியது. ஆயினும் துறை இரண்டையும் மறுத்தது. "இதனால பேரு சேரவும் சேராது, போகவும் போகாது" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிப் பெற்ற தகவல் அது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் அளிக்கும் விலக்குகூட, அத்தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றிய முடிவு எடுக்கப்படாத வரைதான். பெயர் எழுதப்படவில்லை என்பதோடு, வீட்டு எண்ணையும் வரைபடத்தையும் இணைக்கும் தாள் தேர்வு முடிந்ததும் அழிக்கப்பட்டுவிட்டதால், கொடுக்க எதுவும் இல்லை என்று துறைத் தலைவர் கடிதம் எழுதினார். அலுவலகம் மேலும் வற்புறுத்தவில்லை.

ஏரிக்கரைக் குடியிருப்பைப் பொறுத்தவரை வேறொரு வழி எடுக்கப்பட்டது. குடும்பங்களின் பெயரைத் தராமல், அந்த இடத்தில் குடும்ப அட்டைக்கான மனுக்களைப் பெற ஒரு நாள் முகாம் நடத்தலாம் என்ற பரிந்துரை மட்டும் அனுப்பப்பட்டது. யார் மனு கொடுப்பது என்பது அவர்கள் விருப்பம். முகாம் நடந்தது, சிலர் மனு கொடுத்தனர். வேறோர் ஊரில் பெயர் இருந்ததால் சிலருடைய மனுக்கள் நிலுவையில் நின்றன. அந்த மனுக்களை எழுதிக்கொடுத்தவர்களில் முன்பு சொன்ன குழுத் தலைவியும் ஒருவர்.

மாற்றப்பட்டவையும் மாறாதவையும்

அடுத்த ஆண்டிலிருந்து துறை சில நடைமுறைகளைத் திருத்தியது. எந்தத் திட்டத்தை ஆராய்கிறோமோ அந்தத் திட்டத்தை நடத்தும் அலுவலகத்தின் கடிதத்தைக் களத்தில் காட்டுவதில்லை; கல்லூரியின் கடிதமும் அடையாள அட்டையும் மட்டுமே மாணவர் கையில் இருக்கும். களத்தின் முதல் வாரம் கேள்வித்தாள் இல்லாமல் நடந்து வீடுகளைப் பட்டியலிடுவதற்கென ஒதுக்கப்பட்டது. நெறியாளர் வாரந்தோறும் முதலில் களக்குறிப்பேட்டையும் பிறகே தரவையும் படிக்கிறார். கேட்கும் தொலைவில் இருந்தவர் யார் என்ற கட்டம் எல்லாப் படிவங்களிலும் சேர்ந்தது. அறுபது என்ற வழக்கம் எழுத்தில் நீங்கியது. பேச்சில் இன்னும் நீங்கவில்லை.

பருவக் கால அட்டவணை மட்டும் மாறவில்லை. நான்காம் பருவக் களப்பணி பொங்கலுக்குப் பின் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து செங்கல் சூளைகள் ஓடும் காலமும் அதுவே. ஏரிக்கரைக் குடியிருப்பில் மாணவி பட்டியலிட்ட வீடுகளில் கணிசமானவை பூட்டியிருந்தன. அக்குடும்பங்கள் சூளைகளுக்குப் போயிருந்தன. மூன்று முறை போயும் ஆள் இல்லாத வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்ற விதியின்படி அவை கைவிடப்பட்டன. களப்பணியை மூன்றாம் பருவத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு பகுதியாவது நடத்தலாம் என்ற முன்மொழிவு பாடத்திட்டக் குழுவின் முன் உள்ளது. அது ஏற்கப்படும்வரை, பூட்டிய வீடுகளை மாற்று வீடுகளால் நிரப்பாமல், சூளைக்குச் சென்ற வீடு என்று தனி வகையாக எண்ணி ஆய்வேட்டின் முதல் அட்டவணையிலேயே காட்ட வேண்டும் என்று துறை கேட்டுக்கொள்கிறது.